கப்பலில் ஒன்பதாம் நம்பர் ரூம்

தனி ஆளுக்கு ரூம் கிடையாதுன்னு சொல்றீங்க. தாராளமாச் சொல்லுங்க தம்பி, நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா அந்த வசனத்தை நீங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சொல்றீங்க பாருங்க, அதுதான் தப்பு. வந்தவன் முகத்தை நேராப் பார்த்து, நம்ம வீட்டுல இழவு விழுந்த மாதிரி ஒரு வருத்தத்தோட, "அடடா, இப்பத்தான் சார் கடைசி ரூமும் போச்சு. கொஞ்சம் முன்னால வந்திருக்கக் கூடாதா?"ன்னு சொல்லணும். பின்னால சாவியெல்லாம் கொத்துக் கொத்தாத் தொங்கும்போதே சொல்லணும். அதுதான் திறமை.

நான் திண்டுக்கல். பேர் திருமலைச்சாமி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல மங்களவிலாஸ் லாட்ஜ்னு ஒண்ணு இருந்தது. இப்ப அந்த இடத்துல செல்போன் விக்கறாங்க. அதுக்கு நான்தான் மேனேஜர். தலைமுடி கறுப்பா இருந்த காலத்துலேர்ந்து காணாமப் போன காலம் வரைக்கும் அந்தக் கவுன்டர்லதான் உட்கார்ந்திருந்தேன். நீங்க சொல்ற சட்டம் எங்க சட்டம்தான். தனி ஆளுக்குக் கிடையாது. ஒரு தடவை ஒருத்தன் யானையோட வந்தான். சட்டத்தைச் சொன்னேன். "நான் எங்கே சார் தனி ஆளு? பாருங்க, கூடவே ஆள் இருக்கு"ன்னான். அடையாள அட்டை கேட்டேன். அது தும்பிக்கையைத் தூக்கி நெத்தி நாமத்தைக் காட்டிச்சு. டபுள் ரூம் போட்டுக் கொடுத்தேன். காலையில பார்த்தா கட்டில்ல யானை, தரையில பாய் போட்டுப் பாகன்.

சிரிச்சிட்டீங்க. சிரிச்ச மேனேஜர் ரூம் கொடுக்காம இருந்ததில்லை. அது என் அனுபவம்.

எதுக்குத் தனி ஆளுக்குக் கொடுக்கறதில்லைன்னு நமக்குத் தெரியும், வெளியில சொல்றதில்லை. வெறுங்கையோட வந்து ஒரே ஒரு நாளைக்கு ரூம் கேக்கறவன் எதுக்குக் கேக்கறானோன்னு பயம். காலையில கதவை உடைக்கணும், போலீஸ் வரும், அப்புறம் அந்த ரூமை ஒருத்தனும் எடுக்க மாட்டான். நியாயமான பயம். அதனாலதான் என் பையை முதல்லயே உங்க மேஜை மேல வச்சேன். பிரிச்சுப் பாருங்க. அழுக்கு வேட்டி, குளிக்கற துண்டு, மருந்து டப்பா, ஒரு மிட்டாய்ப் பொட்டலம். போய்ச் சேரப் போறவன் அழுக்கு வேட்டியை மடிச்சு எடுத்துட்டு வருவானா? நாளைக்கு சாயங்காலம் இங்கே எழும்பூர்லதான் ட்ரெயின். டிக்கெட் இருக்கு. ஒரு நாள்தான்.

எங்கேர்ந்து வர்றேன்னு கேளுங்க. கப்பல்லேர்ந்து வர்றேன். நேரா துறைமுகத்துலேர்ந்து ஆட்டோ.

கப்பல்னா சாமான் ஏத்தற கப்பல் இல்லை. சொகுசுக் கப்பல். குடும்பத்தோட போறது. என் பையன் கணபதி கூட்டிட்டுப் போனான். பெங்களூர்ல இருக்கான். நான், அவன், மருமக மிருதுளா, பேத்தி ஆதிரை, அப்புறம் மருமகளோட அப்பா அம்மா, நம்ம சம்பந்தி ரெண்டு பேரும். இலங்கைப் பக்கம் போய் ஒரு சுத்து சுத்திட்டு வந்தோம்.

அந்தக் கப்பலை என்ன சொல்ல? அதோட நீளம் எவ்வளவுன்னா, முன்பக்கம் மழை பெய்யும்போது பின்பக்கம் அப்பளம் காயப் போட்டிருந்தாங்க. கடலுக்கு நடுவுல கப்பல், கப்பலுக்கு நடுவுல நீச்சல் குளம், குளத்துக்கு நடுவுல ரப்பர் படகு, படகுல ஒருத்தன் கையில தண்ணி பாட்டில். யோசிச்சுப் பாருங்க! குழந்தைங்களுக்குச் சறுக்கு மரம் ஒண்ணு. அதுல மேலேர்ந்து ஒருத்தன் சறுக்கினான், கீழே வந்து சேரும்போது அவனுக்கு மீசை முளைச்சிருந்தது. சாப்பாட்டுக் கூடமோ, ஒரு ஊர். காலையில தோசைக்கு வரிசையில நின்னா, சட்னி இருக்கற இடத்துக்குப் போறதுக்குள்ள மத்தியானச் சாப்பாடு வந்துடும். சினிமா, நாடகம், மேஜிக், முடி வெட்டற கடை, உடம்பு பிடிச்சு விடற கடை, எல்லாம் உள்ளேயே.

ரூம்? அதைத்தானே கேக்கணும். நம்ம தொழில் அதுதானே.

பையனுக்கும் சம்பந்திக்கும் மேல்மாடியில அடுத்தடுத்த ரூம். ரெண்டுக்கும் பால்கனி. பால்கனியில நாற்காலி, நாற்காலியில உட்கார்ந்தா கடல். ரெண்டு ரூமுக்கும் நடுவுல ஒரு கதவு. திறந்து விட்டா ரெண்டும் ஒண்ணு. குடும்பத்தோட வர்றவங்களுக்குன்னே அப்படிக் கட்டியிருக்காங்க. ரொம்ப நல்ல யோசனை. எங்க லாட்ஜ்ல அதைப் பண்ணியிருந்தா கல்யாணக் கும்பல் முழுக்க நம்மகிட்டதான் வந்திருக்கும்.

எனக்கு கீழே. கீழேன்னா, மூணு மாடி கீழே, நடு வயித்துல. தனி ரூம்! மத்தவங்க எல்லாம் ரெண்டு பேர் மூணு பேர்னு அடைஞ்சு கிடக்கறப்ப எனக்கு மட்டும் தனி. டிக்கெட்டைக் கையில கொடுக்கும்போதே கணபதி சொன்னான்: "அப்பா, உங்களுக்கு நல்ல அமைதியான ரூம். சத்தமே வராது. வெயில் அடிக்காது. கப்பல் ஆடினாலும் அங்கே தெரியாதாம்."

கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு தம்பி. ஏன்னு சொல்றேன். எங்க லாட்ஜ்ல ஒன்பதாம் நம்பர்னு ஒரு ரூம். முதல்ல அது பாத்திரம் போட்டு வைக்கிற இடம். முதலாளி ஒரு கட்டிலைப் போட்டு ரூம்னு சொல்லிட்டாரு. ஜன்னல் கிடையாது. அதை விக்கறது என் வேலை. "சார், நல்ல அமைதியான ரூம் சார். பஸ் சத்தமே வராது. வெயில் அடிக்காது. கொசுவுக்கு வழி தெரியாது." இதைச் சொல்லித்தான் கொடுப்பேன். கணபதி ஸ்கூல் விட்டு வந்து கவுன்டருக்குப் பக்கத்துல உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவான். எல்லாம் காதுல விழுந்திருக்கு! வார்த்தை பிசகாம, அதே இழுப்பு, அதே வருத்தமில்லாத முகம். இவ்வளவு படிச்சு, இவ்வளவு பெரிய வேலைக்குப் போயும் அப்பன் தொழிலை மறக்கலை பாருங்க. எனக்குப் பெருமையா இருந்தது.

உள்ளே போனேன். சின்ன ரூம்தான், ஆனா சுத்தம். எதிர்ச் சுவத்துல மேலேர்ந்து கீழே வரைக்கும் நல்ல நீலத் திரைச்சீலை. பரவாயில்லையே, ஜன்னல் இருக்கேன்னு போய் விலக்கினேன்.

சுவர்.

சிரிச்சேன் பாருங்க, கட்டில்ல உட்கார்ந்து சிரிச்சேன். அது என் வித்தை தம்பி! ஒன்பதாம் நம்பர் ரூம்ல வெறும் சுவத்துல திரை மாட்டினது நான்தான். ராத்திரி வர்றவன் திரையைப் பார்த்துட்டு ஜன்னல் இருக்குன்னு நினைச்சுத் தூங்கிடுவான். காலையில விலக்கிப் பார்க்கறதுக்குள்ள காசு கட்டியாச்சு. திண்டுக்கல்ல நான் பண்ணின வித்தை கடலுக்குள்ள வந்துடுச்சு.

அதுக்கு மேல ஒரு படி போயிருக்காங்க. டிவியைப் போட்டா ஒரு சேனல்ல கப்பலோட மூக்குலேர்ந்து தெரியற கடல் வருது. நாள் பூரா அதுதான். பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. நான் அதை அணைக்கவே இல்லை. அவங்களுக்குப் பால்கனியில ஒரு பக்கத்துக் கடல்தான். எனக்கு கேப்டன் பார்க்கற கடல். யாருக்கு நல்ல ரூம், நீங்களே சொல்லுங்க.

அதைத்தான் முதல் நாள் சாப்பாட்டுல சொன்னேன். "ஆதிரைக் கண்ணு, தாத்தா ரூம் ஜன்னல் எவ்வளவு பெருசு தெரியுமா? காலையில ஒரு திமிங்கலம் வந்து எட்டிப் பார்த்துட்டு, குளிச்சாச்சான்னு கேட்டுட்டுப் போச்சு."

"நிஜமாவா தாத்தா? அம்மா, நான் தாத்தா ரூமுக்குப் போறேன்."

"அப்புறம் போகலாம்டா. இப்ப சறுக்கு மூடிடுவாங்க." மருமக என் பக்கம் திரும்பி, "நீங்களும் வாங்களேன் மாமா, மேலே உட்கார்ந்திருக்கலாம்"னா. நல்ல பொண்ணு. மரியாதை தெரிஞ்ச பொண்ணு. நானும் போய் உட்கார்ந்தேன். அங்கே எல்லாரும் தண்ணிக்குள்ள இருந்தாங்க.

மறுநாள் இன்னும் கொஞ்சம் ஏத்தினேன். என் ரூமுக்கு கேப்டன் டீ குடிக்க வர்றார்னேன். எனக்கு மட்டும் ரகசியமா ஃபில்டர் காபி வருதுன்னேன். சம்பந்தி காபிப் பைத்தியம், நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா சம்பந்தி? ஒரு நாள் வந்து பார்க்கணும்." "ஒரு நாள் என்ன, இன்னிக்கே வாங்க, நாலு மணிக்கு." வர்றேன்னார். நான் போய் சாப்பாட்டுக் கூடத்துல கெஞ்சி ரெண்டு கப் காபி வாங்கி, தட்டுல மூடி, லிஃப்ட்ல ஒரு கை படாம கொண்டாந்து வச்சேன். அவருக்கு சீட்டாட்டம் நீண்டு போச்சு. பாவம், ஜெயிச்சுட்டிருக்கும்போது எப்படி எழுந்து வருவார்? ரெண்டையும் நானே குடிச்சேன்.

பேத்தியைத்தான் கூட்டிட்டு வந்துடலாம்னு குழந்தைங்க கிளப்புக்குப் போனேன். கண்ணாடி போட்ட பெரிய கூடம். பெத்தவங்க விட்டுட்டுப் போயிடலாம், அவங்களே விளையாட வச்சுப் பார்த்துக்கறாங்க. வாசல்ல ஒரு பொண்ணு, "கூட்டிட்டுப் போக உங்க பேர் கொடுக்கலையே சார்"னா. அது அவங்க சட்டம். நல்ல சட்டம். கண்டவன் வந்து பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிட்டா? நான் கண்ணாடிக்கு வெளியில நின்னு ஆதிரைக்குக் குரங்கு மூஞ்சி காட்டினேன். அவ பார்க்கலை, வேற ஏழெட்டுப் பிள்ளைங்க பார்த்துட்டு ஓடி வந்து கண்ணாடியில மூக்கை அழுத்திக்கிட்டுச் சிரிச்சுதுங்க. கொஞ்ச நேரம் நல்லா இருந்தது. அப்புறம் அந்தப் பொண்ணு உள்பக்கம் திரையை இழுத்து விட்டுட்டா.

என்ன தம்பி, போன் அடிக்குது, எடுங்க. நான் எங்கேயும் போகலை.

ஆச்சா? எங்கே விட்டேன்? கதவு தட்டினதைச் சொல்லலையே இன்னும்! அதுதான் முக்கியம்.

எங்க லாட்ஜ்ல சட்டத்தை மீறி எப்பவாவது ஒரு தனி ஆளுக்குக் கொடுத்திருக்கேன். மழை நாளா இருக்கும், வயசானவரா இருப்பார், மனசு கேக்காது. கொடுத்துட்டு, ரூம் பாய் காளியப்பனைக் கூப்பிடுவேன். ரூம் பாய்னு பேர்தான், எனக்கே மூத்தவர். "ஒன்பதைப் பார்த்துக்கோங்க"ன்னு ஒரு வார்த்தைதான் சொல்வேன். அவர் போய்த் தட்டுவார். "சார், தண்ணி வேணுமா?" உள்ளேர்ந்து "வேண்டாம்"னு குரல் வரும். சரி, இருக்கார். கொஞ்சம் பொறுத்து, "சார், கொசுவத்தி வேணுமா?" "வேண்டாம்." இருக்கார். "சார், பேப்பர் வேணுமா?" "வேண்டாம்யா, போய்யா." ரொம்ப நல்லா இருக்கார். எத்தனை பேர் வந்து தங்கியிருக்காங்க, ஒருத்தர்கூட வேணும்னு சொன்னதில்லை. நாங்களும் தண்ணி கொண்டு போனதில்லை. குரல் கேட்டாப் போதும். நீங்களும் அதேதானே பண்றீங்க? தெரியும், தெரியும்.

கப்பல்ல என் ரூமைப் பார்த்துக்கறவன் பேர் பிமல். டார்ஜிலிங் பக்கத்து ஆளு. என் வயசுல பாதி இருக்கும், அதுக்குள்ள காதோரம் நரைச்சிருந்தது. தமிழ் ரெண்டு வார்த்தை, எனக்குப் புரியற இந்தி நாலு வார்த்தை, மிச்சம் கையாலேயே பேசுவான். முதல் நாள் சாயங்காலம் தட்டினான். "சார், தண்ணி?" வேண்டாம்னேன். கொஞ்ச நேரத்துல மறுபடியும். "சார், டவல்?" வேண்டாம். அப்புறம், "சார், ஐஸ்?"

ஐஸான்னு எழுந்து உட்கார்ந்துட்டேன். தட்டற தினுசு எனக்குத் தெரியாதா? ரெண்டு தட்டு, ஒரு இடைவெளி, காதைக் கதவுல வைக்கிற ஒரு அமைதி. காளியப்பன் தட்டு! உடனே புரிஞ்சு போச்சு. கணபதி சொல்லி வச்சிருக்கான். "எங்க அப்பா தனியா இருக்கார், பார்த்துக்கோங்க"ன்னு அந்த ஆள்கிட்ட சொல்லியிருக்கான். அதுவும் நம்ம லாட்ஜ் முறைப்படியே. நேர்ல வந்து, "எப்படி இருக்கீங்கப்பா"ன்னு கேக்க வெக்கம் அவனுக்கு. சின்ன வயசுலேர்ந்தே கூச்சக்காரன். ஆள் வச்சுக் கேக்கறான்.

அன்னிலேர்ந்து பிமல் தட்டும்போதெல்லாம் எனக்குக் கணபதி தட்டற மாதிரிதான். துண்டை மடிச்சு மிருகம் பண்ணி வைப்பான் அவன். ஒரு நாள் யானை, ஒரு நாள் ஆமை, ஒரு நாள் குரங்கு. குரங்கை ஹாங்கர்ல தொங்க விட்டிருந்தான். அதுக்கு என் கண்ணாடியை மாட்டி, "இவர்தான் என் ரூம்மேட், வாடகையில பாதி தர மாட்டேங்கறார்"னேன். என்ன புரிஞ்சுதோ, விழுந்து விழுந்து சிரிச்சான். அந்தக் குரங்கைப் பிரிக்கவே விடலை நான். வேற துண்டு கொண்டு வான்னுட்டேன்.

இப்படியே போயிட்டிருந்தது. திரும்பி வர்ற நாள் வந்துடுச்சு, கரை தெரியறதுக்கு இன்னும் ஒரு பகல்தான் பாக்கி. இன்னும் ஒருத்தரும் என் ரூமைப் பார்க்கலை. திமிங்கலம் சொல்லியாச்சு, கேப்டன் சொல்லியாச்சு, காபி சொல்லியாச்சு. ரூம்லேர்ந்து ரூமுக்கு போன் இலவசம். அடிச்சுப் பார்த்தேன். ரிங் போகும், எடுக்க மாட்டாங்க. ரூம்ல இருந்தாத்தானே? அவ்வளவு காசு கொடுத்து வந்துட்டு ரூம்லயா உட்கார்ந்திருப்பாங்க?

அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் கொஞ்சம் குறும்புக்காரன் தம்பி, இந்த வயசுலயும். கதவுல "தொந்தரவு செய்யாதீர்"னு அட்டையை மாட்டினேன். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன். படுத்துக்கிட்டேன்.

நம்ம சட்டத்துல அடுத்தடுத்து என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். முதல் தட்டு, பதில் இல்லை. ரெண்டாவது, பலமா. மூணாவது, பேரைச் சொல்லி. அப்புறம் மேனேஜருக்குத் தகவல். அப்புறம், வீட்டு ஆளைக் கூப்பிடு. அந்த வரிசையைப் போட்டவனே நான்!

பிமல் வந்தான். "சார், தண்ணி?" நான் மூச்சு விடலை. "சார்? டவல்?" தலைகாணியை வாயில வச்சு அமுக்கிச் சிரிப்பை அடக்கினேன். போயிட்டான். திரும்ப வந்தான். இந்தத் தடவை உள்ளங்கையால தட்டினான். "சார்! சார்! சாமி சார்!" திருமலைச்சாமி அவன் வாயில நுழையாது. அப்புறம் ஓடற சத்தம். அப்புறம் நாலைஞ்சு செருப்புச் சத்தம், வயர்லெஸ் சத்தம், என்னமோ வச்சுத் தாழ்ப்பாளையே வெளியிலேர்ந்து திறந்துட்டாங்க. வெள்ளை உடுப்பு ஆபீசர், ஒரு நர்ஸம்மா, ரெண்டு செக்யூரிட்டி. அவங்களுக்கெல்லாம் முன்னால பிமல்.

நான் கண்ணைத் திறந்து, "என்னப்பா, ஐஸா?"ன்னேன்.

அவன் சிரிக்கலை. என் காலைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே தரையில உட்கார்ந்துட்டான். அவன் முகம்... சரி, அதை விடுங்க. அசந்து தூங்கிட்டேன், காது மந்தம்னு அவங்ககிட்ட சொன்னேன். நர்ஸம்மா பிரஷர் பார்த்தா. ஆபீசர், "குடும்பத்துக்குத் தகவல் சொல்லிட்டோம், வந்துட்டிருக்காங்க"ன்னார்.

வந்தாங்க தம்பி! எல்லாரும் வந்தாங்க! அஞ்சு பேரும்! குளத்துலேர்ந்து அப்படியே. கணபதி ஈர டவுசரோட, மருமக தலையில துண்டோட, சம்பந்தி கையில சீட்டுக் கட்டோட, சம்பந்தியம்மா மூச்சு வாங்கிட்டு, ஆதிரை இடுப்புல மிதவை வளையத்தோட. அந்த ரூம்ல அஞ்சு பேர் நிக்க முடியாது. கட்டில் மேல ரெண்டு பேர், கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒருத்தர், பாத்ரூம் வாசல்ல ஒருத்தர், கதவுல ஒருத்தர். கல்யாண வீடு மாதிரி ஆயிடுச்சு! "உட்காருங்க, உட்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா"ன்னு நான்தான் ஓடியாடினேன்.

"என்னப்பா பண்ணீங்க? உயிரே போயிடுச்சு!" கணபதி கத்தினான். கத்தினா என்ன? வந்து கத்தினான்ல.

"ஒண்ணுமில்லைடா, தூக்கம். அதை விடு, இந்த ஜன்னலைப் பாரு"ன்னு டிவியைக் காட்டினேன். "கேப்டன் பார்க்கற கடல்!"

ஆதிரை பார்த்துட்டு, "தாத்தா, இது டிவி"ன்னா.

"டிவி இல்லை கண்ணு, நல்லாப் பாரு."

"டிவிதான். ஜன்னல் இங்கே இருக்கு"ன்னு போய்த் திரையைப் பிடிச்சு இழுத்துட்டா.

சின்னப் பிள்ளை. அதுக்கு என்ன தெரியும்? சுவரைப் பார்த்துட்டு, திரும்பி எங்க எல்லாரையும் ஒரு தடவை பார்த்தா. கணபதி மட்டும் கட்டிலைச் சுத்தி வந்து, திரைச்சீலையை ரெண்டு விரலால பிடிச்சுப் பார்த்தான். அப்புறம் சுவத்துல கையை வச்சான்.

"ஒன்பதாம் நம்பர்"னான். மெதுவாத்தான் சொன்னான். எனக்கு மட்டும் கேட்டது.

"ஆமாடா!"ன்னேன். "கண்டுபிடிச்சிட்ட பாரு! அதே வித்தை! இன்னொண்ணும் கண்டுபிடிச்சேன் நான். பிமலைத் தட்டச் சொன்னது நீதானே? காளியப்பன் முறை! முதல் நாளே தெரிஞ்சு போச்சு எனக்கு."

"யாரை, எதைத் தட்டச் சொன்னேன்? நான் ஒண்ணும் சொல்லலையேப்பா."

கூச்சத்தைப் பாருங்க. மாமனார் மாமியார் முன்னால ஒத்துக்குவானா? நானும் விட்டுட்டேன். அப்புறம் எல்லாரும் போனதும் பிமலைப் பிடிச்சுக் கேட்டேன். அவன், "யாரும் சொல்லலை சார். தனி ஆள் ரூம், நான் தட்டும். எப்பவும் தட்டும்"னான். என் பையன் அவனுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கான் பாருங்க! 'நான் சொன்னேன்னு சொல்லிடாதே'ன்னு. அவ்வளவு கெட்டிக்காரன்.

அவ்வளவுதான் தம்பி. இன்னிக்குக் காலையில கரைக்கு வந்தாச்சு. பிமல் ஒரு மிட்டாய்ப் பொட்டலம் கொடுத்தான், அதான் பையில பார்த்தீங்களே. துறைமுகத்துல கணபதியோட கார் நின்னுட்டிருந்தது. அஞ்சு பேர் கார். அஞ்சு பேரும் ஏறினாங்க. எனக்கு ட்ரெயின். அது முன்னாலயே பேசி வச்சதுதான். "உங்களுக்கு எந்த ட்ரெயின் போடட்டும்பா?"ன்னு அவன் போன மாசமே கேட்டான். வேற என்னமோ கேக்கப் போறான்னு நினைச்சிருந்தேன். அவன் அதைத்தான் கேட்டான். நான் உடனே, "எனக்கு சிந்தாதிரிப்பேட்டையில தங்கமுத்துன்னு சிநேகிதன் இருக்கான், பெரிய வீடு, ஊஞ்சல்ல மட்டும் பத்துப் பேர் படுக்கலாம், ஒரு நாள் இருந்துட்டுத்தான் போகணும்னு காலைக் கட்டறான், மறுநாளைக்குப் போடு"ன்னுட்டேன். போட்டுட்டான்.

தங்கமுத்து எங்கேயா? இருந்தான். எங்க லாட்ஜுக்கு சோப்பு போடுவான். செத்து ரொம்ப நாளாச்சு. ஊஞ்சல் மட்டும் நான் வச்சது.

காரை எடுக்கும்போது கணபதி இறங்கி வந்தான். என்னமோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. "போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணுங்கப்பா"ன்னான். இன்னும் பண்ணலை. எங்கே போய்ச் சேர்ந்தேன்? நீங்க ரூம் கொடுத்தாத்தானே சேர முடியும்?

வீட்டு ஆள் யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேக்கணுமா? கேக்கணும்தான். நானா இருந்தாலும் கேப்பேன். ஆனா ஒரு உதவி. லாட்ஜ்னு சொல்லாதீங்க. தங்கமுத்து வீட்டுலேர்ந்து பேசறேன்னு சொல்லுங்க. அவரோட பேரன்னு சொல்லுங்க. பொய்தான், என்ன இப்ப? சாவியெல்லாம் பின்னால தொங்கும்போது ரூம் இல்லைன்னீங்களே, அது மட்டும் என்னவாம்? நம்பர் இந்தாங்க, என் போன்லயே இருக்கு. இந்த போட்டோதான், மீசை இல்லாதவன்.

போகுதா?

ரிங் போகுதா?

இன்னும் கொஞ்சம் வைங்க. கார் ஓட்டிட்டிருப்பான். கார் ஓட்டும்போது எடுக்க மாட்டான், ரொம்பப் பொறுப்பானவன். பக்கத்துல பாட்டு வேற போட்டிருப்பாங்க. எடுக்கலையா? சரி, வச்சுடுங்க. பார்த்துட்டுக் கூப்பிடுவான். உங்க நம்பர்லேர்ந்துதானே போச்சு, யாரோன்னு நினைச்சிருப்பான். கூப்பிட்டா, தங்கமுத்து பேரன், மறந்துடாதீங்க.

எந்தச் சாவியை எடுக்கறீங்க? அது வேண்டாம் தம்பி. ரோட்டைப் பார்த்த ரூமை குடும்பத்தோட வர்றவங்களுக்கு வைங்க. மாடிப்படிக்குக் கீழே ஒண்ணு இருக்குமே, திரை போட்டது? எல்லா லாட்ஜ்லயும் ஒண்ணு இருக்கும். அதைக் கொடுங்க. எனக்கு அது பழக்கம். நல்ல அமைதியான ரூம்.

உங்க ரூம் பாய்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க. நீங்க சொல்லாட்டியும் தட்டுவார், எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லுங்க. ரெண்டாவது தட்டு வரைக்கும் காக்க வைக்க மாட்டேன், எழுந்து வந்து கதவையே திறந்துடுவேன்னு சொல்லுங்க. தண்ணி வேணுமான்னு கேட்டார்னா, வேணும்னுதான் சொல்வேன். அதனால கையில தண்ணியோடயே வரச் சொல்லுங்க.